பெண்கள் கவுண்டரில் ராமுத்தாய்

திண்டுக்கல்லில் புதுப்படம் வந்தால் ஆண்கள் வரிசை தெருமுனையைத் தாண்டி நீளும். பெண்கள் கவுண்டரில் நாலைந்து பேர்தான் நிற்பார்கள். இந்த வித்தியாசம் பத்து வயது ராமுத்தாய்க்கு நன்றாகப் பிடிபட்டிருந்தது. இடுப்பில் தம்பி மலைச்சாமியோடு போய், "அம்மாவுக்கு, அத்தைக்கு, சித்திக்கு" என்று கூசாமல் சொல்லித் தரை டிக்கெட் வாங்கிவருவாள். வாசலில் காத்திருக்கும் கஸ்பார் அவற்றை ஆண்கள் வரிசையில் பிளாக்கில் தள்ளிவிடுவான். அவளுக்கு முறுக்கு, தம்பிக்கு பன், இருவருக்கும் ஓசிப் படம்.

கஸ்பார் ஜெயிலுக்குப் போய்வந்த ஆள்தான். ஆனாலும் அந்தக் கொட்டகைத் தெருவில் அவளை "வா தாயி" என்று முகம் பார்த்துக் கூப்பிட்டவன் அவன் ஒருவனே. அப்பா கீரனூரில் இன்னொரு குடும்பம் தேடிக்கொண்டார். அம்மா ராக்கம்மாள் விடியுமுன் நூல் மில்லுக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவாள். மகள் தம்பியையும் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போய்வருவதாக அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

ஒரு மேட்னி நேரத்தில் போலீஸ் வந்தது. கஸ்பார் நழுவிவிட்டான். கை நிறைய டிக்கெட்டோடு நின்ற ராமுத்தாய் மாட்டிக்கொண்டாள். ஆள் விட்டுச் சொல்லியனுப்ப, தலையெல்லாம் பஞ்சோடு ஸ்டேஷனுக்கு ஓடிவந்தாள் ராக்கம்மாள்.

"பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாம கொட்டகைக்கா அனுப்புறே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"தினம் போறாளே சாமி! ஏட்டி, போறதானே?"

"போனேன்மா. தம்பி அழுகுறான்னு டீச்சர் வெளிய நிக்கச் சொன்னாக. மறுநாளும் நிக்கச் சொன்னாக. நிக்கிறதுக்கு எதுக்கு அம்புட்டு தூரம் போகணும்? கொட்டகையிலன்னா உக்காரலாம்ல?"

ஏட்டு சிரிப்பை அடக்க மீசையைத் தடவினார். அடிக்க ஓங்கிய ராக்கம்மாளின் கை அந்தரத்தில் நின்றது.

"எங்கிட்ட ஏன்டி சொல்லல?"

"நீ வாரப்போ நான் தூங்கிருவேன். நீ போறப்பவும் தூங்கிக்கிட்டிருப்பேன். எப்பச் சொல்ல?"

ராக்கம்மாள் கையை இறக்கினாள். இன்ஸ்பெக்டர் எச்சரித்து அனுப்பினார். வீடு திரும்பியதும் ராக்கம்மாள், பகலில் மலைச்சாமியைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கூச்சப்பட்டு இத்தனை நாள் கேட்காமலிருந்ததை அடுத்த வீட்டு ரோஸ்மேரியிடம் கேட்டுவிட்டாள்.

"எங்க வீட்டுல நாலு கிடக்கு, இவன் அஞ்சாவது. இதுக்கா தயங்கினே?" என்று மலைச்சாமியைத் தூக்கிக்கொண்டாள் ரோஸ்மேரி.

மறுநாளிலிருந்து ராக்கம்மாள் மகளையும் தன்னோடு எழுப்பிவிட்டாள். தூக்கக் கலக்கத்தில் கஞ்சி குடித்தபடி ராமுத்தாய் முந்தின நாள் கதையை அளப்பாள். அம்மா "ம்" கொட்டுவாள். மில்லுக்குச் செத்த நேரம் பிந்திப்போய் மேஸ்திரியிடம் திட்டு வாங்கியதும் உண்டு.

கஸ்பார் மறுபடி ஒருநாள் கூப்பிட்டான். அவளுக்கு ஆசைதான்; முறுக்கு வாசம் மூக்கிலேயே இருந்தது. "பரீட்சை இருக்குண்ணே" என்று சொல்லிவிட்டு, நின்று பேசினால் போய்விடுவோமென்று ஒரே ஓட்டமாக ஓடினாள்.

எட்டாம் வகுப்பு தேறினாள். 1960களின் நடுவில் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு மில்லில் சேர்ந்தாள். சேர்ந்த மாதமே, பெண்கள் பக்கத்தில் குடிதண்ணீர்ப் பானை வேண்டுமென்று சூப்பர்வைசரை வழிமறித்தாள். இவள் வாய்க்குப் பயந்தே பானை வந்தது என்று மில்லில் பேசிக்கொண்டார்கள்.