பேரிங் போன கச்சேரி

என் அக்கா வீட்டுக்காரர் வாஷிங் மெஷின் மெக்கானிக். பலே கெட்டிக்காரர். மெஷின் சண்டித்தனம் செய்கிறது என்று யாராவது கூப்பிட்டால், "போனை அது பக்கத்துல வையுங்க" என்பார். அரை நிமிடம் கேட்டுவிட்டு, எந்தப் பாகம் போச்சு என்று சொல்லிவிடுவார். அதோடு நிறுத்திக்கொண்டிருந்தால் நான் இதை எழுத வேண்டியிருந்திருக்காது. உயிரை விட்ட மெஷின்களின் மோட்டார்களையும் டிரம்களையும் வீட்டுக்குக் கொண்டுவந்து, அவற்றில் சின்னச் சின்ன மைக்குகளை ஒட்டி ஓடவிட்டு, அதைச் சங்கீதம் என்கிறார். இருபது வருஷமாக இதே கூத்து. வீட்டில் ஒரு அறை முழுக்க இந்தத் தட்டுமுட்டுச் சாமான்தான்.

மனுஷனுக்கு மறை கழன்றுவிட்டது என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் மறை கழன்ற இன்னும் இரண்டு பேர் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். ஒருவர் தையல்காரம்மா. தையல் மிஷினின் சக்கரத்தில் தகரத்தை உரசவிட்டு ஓட்டுவார். இன்னொருவர் வெளிநாட்டிலிருந்து வந்து பேக்கரியில் வேலை பார்ப்பவர். அவர்கள் பக்கத்து வழக்கப்படி, ஒரே தொண்டையில் ஒரே சமயத்தில் இரண்டு குரலில் பாடுவார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ரெட்டைத் தொண்டை.

மாதம் ஒரு ஞாயிறு மதியம், ஒரு கட்டடத்தின் அடியில் கார் நிறுத்துகிற இடத்தில் கச்சேரி. முப்பது பேர் வருவார்கள். அங்கே ஒரே ஒரு சட்டம்: எங்கிருந்து என்ன சத்தம் வந்தாலும் அதுவும் பாட்டோடு சேர்த்தி. யார் போட்டது என்று திரும்பிப் பார்க்கக் கூடாது.

அக்கா மட்டும் அந்தப் பக்கமே போனதில்லை. போன மாதம், அந்த அறை தனக்கு வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். மாமாவும் வீராப்பாகச் சொல்லிவிட்டார்: "ஒரே ஒரு தடவை வந்து முழுசாக் கேளு. நடுவுல எழுந்து போயிட்டா ரூமைக் காலி பண்ணிடறேன்."

சொன்ன பிறகுதான் அவருக்குப் பயம் வந்தது.

"உக்காருவாளாடா?" என்று என்னிடம் மூன்று தடவை கேட்டார். "ரூம் போனாப் போகுதுடா. அவ பாதியில எழுந்து போறதைத்தான் என்னால பாக்க முடியாது."

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள். கடைசி வரிசையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பல் பிடுங்கக் காத்திருப்பவள் மாதிரி உட்கார்ந்தாள். அரைமணி நேரம் அசையவில்லை. மாமாவுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

அப்போதுதான் எங்கிருந்தோ ஒரு புதுச் சத்தம் கிளம்பியது. மெல்லிய ஊளையாகத் தொடங்கி, கரகரவென்று அரைத்துக்கொண்டு ஏறியது. கூட்டம் கண்ணை மூடிக்கொண்டது. எனக்கு முன்னால் இருந்தவர் "அடடா!" என்று உருகினார். ஒன்றும் புரியாத எனக்கே புல்லரித்தது.

அக்கா எழுந்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று நடந்து, தூணுக்கு அந்தப் பக்கம் மறைந்துவிட்டாள்.

மாமாவின் முகம் தொங்கிப்போயிற்று. கை மட்டும் வாசித்துக்கொண்டிருந்தது. எனக்கு அக்காமேல் அப்படி ஒரு கோபம். இவ்வளவு நேரம் உட்கார்ந்தவள் இன்னும் பத்து நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கக் கூடாதா?

அந்தப் புதுச் சத்தம் சட்டென்று நின்றது. கைக்குட்டையில் விரல்களைத் துடைத்துக்கொண்டே அக்கா திரும்பி வந்தாள்.

"தண்ணி ஏத்தற மோட்டாரை ஆஃப் பண்ணிட்டேன். பேரிங் போச்சு. விட்டிருந்தா புகைஞ்சிருக்கும்."

போனிலேயே வியாதி கண்டுபிடிக்கிற மனுஷன் திருதிருவென்று விழித்தார். "நான் ரெட்டைத் தொண்டை பாடறார்னுல்ல நினைச்சேன்!"

"நான் உங்க டிரம்முன்னு நினைச்சேன் அண்ணே" என்றார் தையல்காரம்மா. அவ்வளவுதான், கூட்டம் கொல்லென்று சிரித்தது.

மாமா சிரிக்கவில்லை. அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். "உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"இருபது வருஷமா அடுத்த ரூம்ல இருந்து கேட்டுட்டுத்தானே இருக்கேன்? நீங்க போடற சத்தம் எதுன்னு எனக்குத் தெரியாதா?"

மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அக்கா ஒரு நாற்காலியை முன்வரிசைக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"என்னைப் பாத்தது போதும், மிச்சத்தை வாசிங்க."