மதலேனம்மாளின் ஒரு டம்ளர்

அம்மா இறந்து மூன்று மாதம் ஆகிறது. 1989 ஆகஸ்ட் 4, வெள்ளிக்கிழமை, காலை ஆறு இருபது. பெயர் மதலேனம்மாள். வயது ஐம்பத்து மூன்று. ஊர் பாப்பாரப்பட்டிக்குப் பக்கம். தொழில், முளைகட்டிய ராகி மாவு செய்து சந்தையில் விற்பது. அடக்கப் பூசையில் பங்குச் சாமியார் அவளைப் பற்றி இரண்டு விஷயம் சொன்னார். பக்தியுள்ளவள், உழைப்பாளி. இரண்டும் சரி. அவளுக்குப் பீர் பிடிக்கும் என்பதை அவர் சொல்லவில்லை. அதை நான் எழுதிவைக்கிறேன்.

ராகியை ஒரு ராத்திரி ஊறவைப்பாள். வடித்து வெள்ளைத் துணியில் மூட்டை கட்டி, மேலே ஒரு கல்லை ஏற்றுவாள். ஒன்றரை நாளோ இரண்டு நாளோ, அது வெயிலைப் பொறுத்தது. பிறகு நிழலில் உலர்த்தி, சட்டியில் லேசாக வறுத்து, முளையைத் தேய்த்துப் புடைத்து, மில்லுக்கு எடுத்துப் போவாள். அவளிடம் கடிகாரம் கிடையாது. மூட்டையைக் கொஞ்சம் பிரித்து மூக்கை வைப்பாள். நான் பி.எஸ்ஸி. வேதியியல் படித்தவள். முளைக்கும்போது தானியத்தில் ஒரு நொதி உண்டாகி, மாவுப் பொருளைச் சர்க்கரையாக மாற்றுகிறது என்று ஒருமுறை விளக்கினேன். "அதான் இனிக்குது" என்று சொல்லிவிட்டுப் புடைக்கப் போய்விட்டாள்.

அப்பா அருள்நாதன் கல் குவாரியில் வேலை செய்தார். சாராயத்தில் போனார். 1978. வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி, ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தார். உயிரோடு இருந்தவரை அம்மா அவரோடு சண்டை போட்டாள். இறந்த பிறகு ஒரு வார்த்தை திட்டியதில்லை. ஆனால் வீட்டுக்குள் பாட்டில் எதுவும் வரக்கூடாது என்றாள். மண்ணெண்ணெய்கூடத் தகர டின்னில்தான் இருந்தது. கிறிஸ்துமஸுக்கு எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் திராட்சை ரசம் போடுவார்கள். அம்மா போடுவதுதான் தெருவிலேயே நல்லது என்று பெயர். அந்த வருடத்தோடு நிறுத்தினாள். ரசம் போட்ட ஜாடியில் மாங்காய் ஊறியது.

நவம்பரில் கல்லறைத் திருநாள் அன்று சித்தப்பா சவுரியப்பன் ஒரு பாட்டிலோடு வந்து, அண்ணனுக்குப் பிடித்தது என்று அப்பாவின் கல்லறைமேல் ஊற்றுவார். அவர் நகர்ந்ததும் அம்மா ஒரு குடம் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுவாள். ஒவ்வொரு வருடமும் இது நடந்தது. இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

1985 ஜூனில் எனக்கு ஓசூரில் வேலை கிடைத்தது. சின்னப் பீர் தொழிற்சாலை, அறுபது பேர். ஆய்வுக்கூடத்தில் நான் ஒருத்திதான் பெண். மால்ட்டின், அதாவது முளைகட்டிய பார்லியின் ஈரம், கரைசலின் அடர்த்தி, தொட்டியின் வெப்பம் ஆகியவற்றை அளந்து எழுத வேண்டும். கன்னியாஸ்திரீகள் நடத்திய விடுதியில் தங்கினேன். முதல் மாத விடுமுறையில் வீட்டுக்குப் போனபோது அம்மா என் பையைத் தூக்கியவள் அப்படியே நின்று முகர்ந்தாள்.

"முளை வாசம். மால்ட்டு கம்பெனியா கண்ணு?"

ஆமாம் என்றேன். குழந்தைகளுக்குப் பாலில் கலக்கும் மாவு என்று அவள் எடுத்துக்கொண்டாள். நான் திருத்தவில்லை. ஒரு வருடம் எட்டு மாதம் திருத்தவில்லை. சந்தையிலும் கோயிலிலும் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்: எம் பொண்ணும் என் தொழில்தான், அவ மெசின்ல செய்யறா. தெரிந்தால் அன்றே பெட்டியைக் கட்டச் சொல்வாள் என்று எனக்குத் தெரியும். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. வேதியியல் படித்தவளுக்குப் பாப்பாரப்பட்டியில் வேறு வேலையும் இல்லை.

1987 பிப்ரவரியில் ஒரு மத்தியானம் அம்மா தொழிற்சாலை வாசலுக்கு வந்துவிட்டாள். சொல்லாமல் வந்தாள். தலையில் பத்துக் கிலோ மூட்டை. மெஷினில் செய்வதைவிடத் தன் ராகி நன்றாக இருக்கும், கம்பெனிக்காரர்கள் ஒரு தடவை வாங்கிப் பார்க்கட்டும் என்பது அவள் எண்ணம். மூன்று பஸ் மாறி வந்திருக்கிறாள். வாட்ச்மேன் சென்றாயனிடம், மாவு கம்பெனியில் வேலை செய்யும் ஞானமேரியைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறாள். நடந்ததைச் சென்றாயன் பிறகு என்னிடம் சொன்னார்.

"மாவு கம்பெனியா? ஆத்தா, இது பீரு கம்பெனிங்க. இங்க நின்னாலே பாதி போதை ஏறிக்கும்."

அம்மா மூட்டையை மதில் ஓரமாக இறக்கி அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள். நான் ஓடி வந்தேன். கையில் அடர்த்தி பார்க்கும் ஹைட்ரோமீட்டர் ஈரத்தோடு இருந்தது. அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"எத்தினி நாளா?"

"சேந்ததுல இருந்தே."

"பொட்டிய எடுத்துக்கிட்டு வா. மூணு மணிக்கு பஸ்ஸு இருக்குது."

அவ்வளவுதான். கத்தியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

அப்போது கிருஷ்ணப்பன் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தார். பீர் தயாரிப்புக்கு அவர்தான் பொறுப்பு. தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக்காரர், வீட்டில் தெலுங்கு. ஜெர்மனியில் எட்டு மாதம் பயிற்சி எடுத்தவர். தானியம் எங்கே இருந்தாலும் கேட்காமல் கை போடுகிற ஆள். மூட்டையின் வாய் லேசாகத் திறந்திருந்தது. நாலு ராகியை எடுத்து வாயில் போட்டு முன்பல்லால் கடித்தார். அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் அப்படித்தான் கடிப்பாள்.

"யாருங்க முளை கட்டினது?"

"நாந்தானுங்க."

"எவ்ளோ நேரம் வெச்சீங்க?"

"நேரம் ஏதுங்க. வெள்ளரிப் பிஞ்சு வாசம் வந்தா பிரிச்சிருவேன்."

கிருஷ்ணப்பன் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சேர்ந்த முதல் வாரம் பார்லியைப் பற்றி அவர் எனக்குச் சொன்னதும் இதுவேதான். தனக்கு ஜெர்மனியில் சொன்னவரும் வெள்ளரி என்றுதான் சொன்னார் என்று அம்மாவிடம் சொன்னார்.

"அவங்களும் ராகி திங்கறாங்களா?" என்று கேட்டாள் அம்மா.

மூட்டையை விட்டுவிட்டுப் போங்கள், இதில் கொஞ்சம் செய்து பார்க்கிறேன் என்றார். அம்மா எழுந்து நின்றாள். "சாராயம் காச்சறதுக்கு நான் குடுக்கறதில்லீங்க. எங்கூட்டுக்காரரு அதுலதான் போனாரு."

கிருஷ்ணப்பன் வாதாடவில்லை. வேண்டாம் என்றால் வேண்டாம், பெண் இத்தனை நாள் எங்கே வேலை செய்தாள் என்றாவது உள்ளே வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்றார்.

அம்மா உள்ளே வந்தாள். தொட்டி தொட்டியாகப் பார்த்தாள். அரைத்த பார்லி மால்ட் அறுபத்தைந்து டிகிரி வெந்நீரில் ஊறிக்கொண்டிருந்தது. குனிந்து முகர்ந்து, கூழ் என்றாள். ஹாப்ஸ் என்கிற காய்ந்த பூவைக் கையில் கசக்கி முகர்ந்தாள். மூன்று ஸ்வெட்டர் போட்டவர்போலக் கிருஷ்ணப்பன் நடுங்காமல் நின்ற குளிர் அறையில், முந்தானையைப் போர்த்திக்கொண்டு கால்மணி நேரம் நின்றாள். கடைசியில் என்னிடம் மட்டும் மெதுவாகக் கேட்டாள், வடிக்கிற பானை எங்கே என்று. ஊரில் சாராயம் காய்ச்சுவதை அவள் பார்த்திருக்கிறாள். அதில் பட்டை, அழுகின பழம், பேட்டரிக் கட்டை எல்லாம் போடுவார்கள். இங்கே அந்தப் பானையே கிடையாது, தானியம், தண்ணீர், பூ, ஈஸ்ட் இவ்வளவுதான் என்றேன்.

மூன்று மணி பஸ் போய்விட்டது. ஐந்து மணி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது மூட்டையைச் சென்றாயன் பக்கமாகத் தள்ளிவிட்டு என்னிடம் சொன்னாள். "இது என்னா ஆவுதுன்னு பாக்கறவரைக்கும் இரு. அப்பறம் பேசிக்கலாம்."

ஆக, என் வேலை அந்த மூட்டையைப் பொறுத்தது.

முதல் முயற்சி கெட்டுப்போனது. கிருஷ்ணப்பன் வெறும் ராகியில் செய்து பார்த்தார். வடிகட்டியாக நிற்க ராகிக்கு உமி இல்லை. தொட்டியின் அடியில் சேறாக அடைத்துக்கொண்டு ஒரு சொட்டு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய்ப் பயந்துகொண்டே சொன்னேன். அம்மா சிரித்தாள். வாசலில் பார்த்த நாளுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள்.

"ராகியக் கொண்டுபோயி சுடுதண்ணில கொட்டினா களிதான் ஆவும். ஜெர்மனில இத சொல்லித் தரலியா?"

இன்னொரு பத்துக் கிலோ முளைகட்டித் தந்தாள். இந்த முறை மூன்று பங்கு பார்லி, ஒரு பங்கு ராகி. ஐம்பது லிட்டர் சோதனைத் தொட்டி. ஆரம்ப அடர்த்தி 1.048. பதினெட்டு டிகிரியில் இரண்டு வாரம் நொதித்தது. முடிவில் 1.012. பிறகு நான்கு வாரம் குளிரில் வைத்தோம்.

மே மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் அம்மா வந்தாள். பையில் வறுத்த வேர்க்கடலையும் ஒரு எவர்சில்வர் டம்ளரும். கண்ணாடிக் கிளாஸைத் தொடமாட்டேன் என்றாள். கிருஷ்ணப்பன் சரி என்று டம்ளரிலேயே பிடித்தார். பக்கத்தில் எங்களுக்கு இரண்டு கிளாஸ். செம்மண் தண்ணீர் தெளிந்த நிறம். மேலே இரண்டு விரல் உயரத்துக்கு நுரை.

நுரை பாதி அடங்கும்வரை அம்மா குடிக்கவில்லை. முகர்ந்தாள். டம்ளரைச் சுற்றிவிட்டு மறுபடி முகர்ந்தாள். முதல் மடக்குக்கு முகம் சுளித்தது. இரண்டாவதை வாயிலேயே வைத்திருந்தாள். மூன்றாவது மடக்குக்குப் பிறகு சொன்னாள்.

"முன்னால வறுத்த ராகி. நடுவுல ஒண்ணுமில்ல, சில்லுனு போவுது. கடேசில சுண்டைக்காயி."

அதை நோட்டில் எழுதச் சொன்னார் கிருஷ்ணப்பன். 1.012க்குக் கீழே எழுதினேன். அந்த நோட்டு இப்போதும் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது.

ஒரு டம்ளரை ஒரு மணி நேரம் குடித்தாள். நடுநடுவே கடலை. சுண்டைக்காய்க் கசப்பு வந்ததும் ஒரு கடலை போட்டால் மறுபடி ராகி வாசம் திரும்பி வருகிறது என்று கண்டுபிடித்து எங்களையும் செய்து பார்க்கச் சொன்னாள். உண்மைதான், வந்தது. கிருஷ்ணப்பன் என்னிடம் கண்ணைக் காட்டிவிட்டு வெளியே போனார். அம்மா கொஞ்ச நேரம் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்கப்பா இதுல ஒண்ணையும் பாத்ததில்ல கண்ணு. வாசம் பாக்கல, ருசி பாக்கல. மூக்கப் புடிச்சிக்கிட்டு ஊத்திக்குவாரு. ஊத்திக்கிட்டு காறித் துப்புவாரு. புடிக்காததையே குடிச்சிச் செத்துப்போனாரு."

கிருஷ்ணப்பன் திரும்பி வந்து இன்னும் கொஞ்சம் ஊற்றப் போனார். அம்மா டம்ளர்மேல் உள்ளங்கையை வைத்து மூடினாள்.

"போதுங்க. ருசி தெரிஞ்சிருச்சு."

எழுந்து டம்ளரைக் கழுவிப் பையில் வைத்தாள். நான் பெட்டியைக் கட்டிவரட்டுமா என்று கேட்டேன். கேட்டு முடிவு தெரிந்துகொள்வது நல்லது என்று பட்டது.

"பொட்டி எதுக்கு? திங்கக்கெழம வேலைக்குப் போவணுமில்ல?" என்றாள்.

மறுநாள் பூசை முடிந்ததும் பக்கத்து வீட்டு ராயம்மாளிடம் அவளே விஷயத்தைச் சொல்லிவிட்டாள். இத்தனை நாள் குழந்தைக்கு மாவு என்றாயே என்று ராயம்மாள் மடக்கினாள். "கொழந்தைங்க பெருசாயிருச்சு" என்றாள் அம்மா. நீ குடித்தாயா என்று கேட்டதற்கு, குடித்தேன், ஒரு டம்ளர், உன் திராட்சை ரசத்தைவிட நன்றாக இருந்தது என்றாளாம். ராயம்மாள் இரண்டு வாரம் பேசவில்லை. இரண்டு வீட்டில் மாவு வாங்குவதை நிறுத்தினார்கள். அதில் ஒரு வீட்டில் பேரன் பிறந்ததும் மறுபடி வாங்கினார்கள்.

அதன்பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மூட்டையோடு வருவாள். ராகி பீர் விற்பனைக்குப் போகவில்லை. நிறம் சரியில்லை என்று நிர்வாகத்தில் சொன்னார்கள். கிருஷ்ணப்பன் தனக்காகவும் அம்மாவுக்காகவும் சோதனைத் தொட்டியில் எட்டு முறை செய்தார். கடைக்குப் போகும் பீரை அம்மா ஒரே ஒரு மடக்கு பார்த்துவிட்டு, அரிசி கழுவின தண்ணி என்றாள். அதில் அரிசி சேர்ப்பது உண்மை. மூன்றாவது முறை, நிறம் பார்க்க வேண்டும் என்று அவளாகவே கிளாஸ் கேட்டாள். ஐந்தாவது முறை ராகி கூடுதலாக வறுபட்டுவிட்டது. அடிப்பிடித்த களி வாசம் என்று அதைத்தான் மிகவும் ரசித்தாள். எப்போதும் ஒரு கிளாஸ்தான். பேச்சு நீண்டு கிளாஸ் சூடாகிவிட்டால் மீதியைத் தொடமாட்டாள். என் பேச்சுதான் கெடுத்தது என்பாள். 1987 கிறிஸ்துமஸுக்கு ஊறுகாய் ஜாடியைக் கழுவி வெயிலில் காயவைத்துத் திராட்சை ரசம் போட்டாள்.

கடைசியாக வந்தது 1989 ஜூன் 10, சனிக்கிழமை. எட்டாவது தொட்டி. எனக்கு அன்று பத்தொன்பது மாதிரிகள் பார்க்க வேண்டியிருந்தது. கிளாஸைக் கொடுத்துவிட்டு மேலே ஆய்வுக்கூடத்துக்குப் போய்விட்டேன். கண்ணாடி வழியாகப் பார்த்தபோது, தனியாக உட்கார்ந்து கடலையை ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டிருந்தாள். மாதிரிகள் காத்திருக்கக் கூடியவைதான். ஜூலைக் கடைசியில் பக்கவாதம். நான்கு நாள்.

போன வாரம் கல்லறைத் திருநாள். அப்பாவுக்குப் பக்கத்தில்தான் அம்மாவும். சித்தப்பா வழக்கம்போலப் பாட்டிலோடு வந்து அப்பாவின் கல்லறைமேல் ஊற்றினார். அவர் நகரும்வரை நான் காத்திருக்கவில்லை. அவர் பார்க்கவே ஒரு குடம் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். அவர் கோபப்படவில்லை. அம்மாவின் பக்கம் பார்த்தார். அங்கே செவ்வந்தியும் மெழுகுவத்தியும் மட்டும் இருந்தன.

"அண்ணிக்கு நீ ஒண்ணும் கொண்டாரலியா பாப்பா? அவங்களுக்குப் புடிக்குமே."

"ஓசூர்ல இருந்து நாலு மணி நேரம் சித்தப்பா. பஸ்ஸுல சூடாயிரும்."

"ஆமா. சூடானா தொடமாட்டாங்க" என்றார். பாட்டிலை மூடிப் பையில் வைத்துவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனார்.