ஒரே விமானத்தில் இரண்டு பேர்

டிக்கெட் போட்டாகிவிட்டது என்று நான் ஊர் முழுக்கச் சொல்லி முடித்த பிறகுதான் அந்த விமானம் கடலில் விழுந்தது. நாங்கள் போகவேண்டியிருந்த அதே கம்பெனி. கனடாவிலிருந்து நம் நாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. ஒருவர்கூடப் பிழைக்கவில்லை என்று ரேடியோவில் சொன்னார்கள். நான் மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தேன். கை தொட்டிக்குள்ளேயே நின்றுவிட்டது.

எங்கள் பெரியவள் கல்யாணமாகிக் கனடாவில் மோன்றியலில் இருந்தாள். மாப்பிள்ளைக்கு அங்கே ஆஸ்பத்திரியில் வேலை. அவளுக்குத் தலைப்பிரசவம். எங்கள் பக்கத்தில் தலைப்பிரசவத்துக்குப் பெண் அம்மா வீட்டுக்கு வரவேண்டும். அவளால் வரமுடியாது, அதனால் அம்மா வீடு அங்கே போகவேண்டியதாயிற்று. எங்கள் ஊர் புதுச்சேரிப் பக்கம்; வில்லியனூர் தாண்டினால் எனக்கு வழி தெரியாது. என் வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். அந்த ஊரில் பேசுவதும் பிரெஞ்சுதான். அவரும் கூட வருவது என்று முதலிலேயே முடிவாகியிருந்தது.

விமானம் விழுந்த வாரத்திலேயே வில்லியனூர் ஜவுளிக்கடைப் பாயிடமிருந்து ஆள் வந்தது. எங்களுக்கு வரும் வெளியூர்ப் போன் எல்லாம் அவர் கடைக்குத்தான் வரும். ஓடினேன். பாய் போனை என் கையில் வைத்தார்.

"அம்மா, அந்தக் கம்பெனி ப்ளேன்ல வராதே."

"சரிடி."

"வராமலும் இருந்துடாதேம்மா. பிரஷர் ஏறிகினே போவுதாம். டாக்டர் முகமே சரியில்ல."

அதற்குமேல் இரைச்சல். பிறகு அதுவும் இல்லை. பாய் ஒரு முக்காலியை என் பின்னால் தள்ளிப் போட்டார்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் எதைச் சொன்னாலும் அந்தச் சொல் அப்படியே மனதில் ஒட்டிக்கொள்ளும். சொன்னவர் மறந்துவிடுவார், நான் மறக்கமாட்டேன். கிளம்பும்வரை அந்த இரண்டு மாதமும் ஊர் பேசிய பேச்சை இன்றைக்குக் கேட்டாலும் வரிசை மாறாமல் சொல்லுவேன். புதுச்சேரியில் டிக்கெட் போட்ட ஏஜண்ட் பழைய டிக்கெட்டை மாற்றித் தருவதாகச் சொல்லிவிட்டார். எந்தக் கம்பெனி என்று நாங்கள்தான் சொல்லவேண்டும். மூன்று வழி காட்டினார். பிரெஞ்சுக்காரன் விமானம், பாரிஸ் வழியாக. இங்கிலீஷ்காரன் விமானம், லண்டன் வழியாக. ரஷ்யாக்காரன் விமானம், மாஸ்கோ வழியாக.

மாதா கோயிலுக்குப் போனால் அங்கேயும் இதே பேச்சு. பூசை முடிந்து வெளியே வந்ததும் பீடத்துக்குப் பூ வைக்கும் அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரஷ்யாக்காரன்ல மட்டும் ஏறாதம்மா. சாமியே இல்லன்றவன். அவன் ப்ளேன்ல உக்காந்து ஜெபமாலை சொன்னா மாதாவுக்குக் கேக்குமா?"

பக்கத்துத் தெருவில் மில் தொழிலாளி ஒருவர் இருந்தார். செங்கொடிக்காரர். மனைவியைக் கோயிலுக்குச் சைக்கிளில் கொண்டுவந்து விடுவார், தான் உள்ளே வரமாட்டார். வாசலில் நின்றபடியே பதில் சொன்னார்.

"ஏம்மா, சாமி இல்லன்றவன்தான் நட்டு போல்ட்ட ரெண்டு தபா முடுக்குவான். சாமி பாத்துக்கும்னு வுட்டுட மாட்டான் பாரு."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்து உலையில் அரிசியைப் போடும்போது அந்தச் சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. நட்டு, போல்ட் என்ற இரண்டு சொல்லும்தான் தலைக்குள் நின்றன.

என் வீட்டுக்காரருக்கு யோசனையே கிடையாது. "பிரெஞ்சுக்காரன்தான். எங்கள சைகோன் வரைக்கும் இஸ்துகினு போயி, பத்திரமாத் திரும்பக் கொண்டாந்து வுட்டவன்."

"கப்பல்ல கொண்டாந்தான். ப்ளேன்ல இல்லையே," என்றேன்.

"உன் வாய்க்குப் பயந்துதான் ப்ளேன் விழுது," என்றார். அந்த வருஷம் பேப்பரைத் திறந்தாலே எங்கேயாவது ஒரு விமானம் விழுந்த சேதி. வேடிக்கைக்குச் சொன்ன சொல்லும் வீட்டுக்குள் கெட்டது மாதிரி நின்றது.

இதற்கு நடுவில் என் நாத்தனார், அவருடைய அக்கா, ஒருநாள் பகலில் வந்து உட்கார்ந்தாள். வந்த காரியத்தை நேராகச் சொல்லிவிட்டாள்.

"எந்த ப்ளேன்ல வேணா போங்க. ரெண்டு பேரும் ஒரே ப்ளேன்ல போவாதீங்க. வூட்டுல வயசுப் பொண்ணு இருக்குது. ஒருத்தராச்சும் மிஞ்சணும்."

எங்கள் சின்னவளைத்தான் சொன்னாள். அப்போதுதான் படிப்பு முடித்திருந்தாள், கல்யாணம் ஆகவில்லை. நாங்கள் திரும்பும்வரை இந்த அத்தையோடுதான் இருக்கவேண்டும். அவள் அடுப்பங்கரையில் இருந்தாள். காதில் விழுந்திருக்கும். தட்டுகளைக் கழுவும் சத்தம் நின்றது.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அக்காவைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே, "பட்டாளத்துல பெரிய ஆபீசருங்க ரெண்டு பேர ஒரே வண்டியில ஏத்தமாட்டான்," என்றார்.

அவ்வளவுதான். மறுநாள் புதுச்சேரிக்குப் போய் வந்தார். அவர் பாரிஸ் வழியாக, நான் லண்டன் வழியாக. லண்டன் பக்கம் நம் ஜனங்கள் நிறையப் போகிறார்கள், யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று ஏஜண்ட் சொன்னாராம். யார் பார்த்துக்கொள்வார்கள்? எனக்குத் தெரிந்தது தமிழ் ஒன்று. அதையும் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை, கோயிலில் கொடுத்த ஞானப்பாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டி நானே படித்தது. பாஸ்போர்ட்டும் எங்கள் இருவருக்கும் ஒரே நாட்டுடையது இல்லை. அவருடையது பிரெஞ்சு. நான் பழைய பிரெஞ்சு எல்லைக்கு வெளியே, கண்டமங்கலம் பக்கத்துப் பெண், என்னுடையது இந்தியா. வீட்டில் ஒரே பெட்டியில் இரண்டு தேசமும் கிடந்தன. இப்போது விமானமும் இரண்டு.

பயமாக இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. சொன்னால் சின்னவளுக்கென்று ஒருத்தர் மிஞ்சவேண்டாம் என்று சொல்வதுபோல் ஆகிவிடும். ராத்திரி படுத்தால் பெரியவளின் பிரஷர் ஏறுகிறது, ஏறுகிறது என்று அதுவே கேட்டுக்கொண்டிருந்தது.

என் பயம் அவருக்குத் தெரியாமல் இருக்குமா? எனக்குப் பயிற்சி கொடுப்பதென்று கிளம்பினார். களத்துமேட்டில் மோட்டார் கொட்டகையைக் காட்டி, "இது நீ எறங்குற எடம்," என்றார். வைக்கோல்போரைக் காட்டி, "அது மோன்றியல் ப்ளேன்," என்றார். நடுவில் ஒரு சாக்கை விரித்து அதன்மேல் தான் நின்றார். அவர்தான் அதிகாரி. நான் கைப்பையோடு கொட்டகையிலிருந்து நடந்து வந்து பாஸ்போர்ட்டை நீட்டவேண்டும், கேட்பதற்குப் பதில் சொல்லவேண்டும், தாண்டிப் போய் வைக்கோல்போரைத் தொடவேண்டும்.

"வூ ஸலே ஊ?" என்று அதட்டினார். எங்கே போகிறீர்கள் என்று அர்த்தமாம்; ஐயா என்பதற்கு முசே.

"மோன்றியல், முசே."

"சத்தமாச் சொல்லுடி. அங்க ஜனக்கூட்டம்."

வரப்பில் புல் அறுத்துக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். ஒருத்தி, "ஊருக்குப் போறதுக்கு முன்னாடியே பொண்டாட்டிய பட்டாளத்துல சேத்துட்டாருடி," என்றாள். எனக்கு வெட்கம் ஒரு பக்கம், நெஞ்சு அடித்துக்கொள்வது ஒரு பக்கம். மூன்றாவது தடவை நடக்கும்போது அவர் ஏதோ புதிதாகக் கேட்டார். நான் பதில் தெரியாமல் நின்றேன். நின்ற இடத்திலேயே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சின்னவள் மோர் கொண்டுவந்தவள் பாத்திரத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, அம்மா எந்த ஊர்ல எறங்குது?"

"லண்டன்ல."

"லண்டன்ல எவன் பிரெஞ்சு பேசுறான்? அங்க இங்கிலீஷு."

அவர் சாக்கின்மேல் அப்படியே நின்றார். எனக்குச் சொல்லிக்கொடுத்த அத்தனையும் பிரெஞ்சு. அந்த மனுஷன் சைகோன் பார்த்தவர், அல்ஜீரியா பார்த்தவர். வெள்ளை முகம் என்றால் அவருக்குப் பிரெஞ்சுதான். இதைக் கடைசிவரை யோசிக்கவே இல்லை.

"வெள்ளைக்காரன் எல்லாம் ஒண்ணுதான், புரிஞ்சுக்குவான்," என்றார், சுருதி இறங்கி.

சின்னவள் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். அவள் அதிகம் பேசுகிற பெண் இல்லை. அன்று பேசினாள்.

"ஒருத்தர் மிஞ்சணும்னு அத்த சொல்லிச்சு. நான் கேட்டனா? எனக்காகப் பிரிச்சிப் போறீங்களே, என்ன ஒரு வார்த்த கேட்டீங்களா? ஒரே ப்ளேன்ல போனா நான் ஒரு ப்ளேனுக்குத்தான் பயப்படணும். ரெண்டுல போனா ரெண்டுக்கும் பயப்படணும். அம்மா லண்டன்ல தொலைஞ்சி போயி நின்னா அது வேற. இதுக்கு நீங்க போவாமலே இருக்கலாம்."

"போவாம இருந்தா அக்கா?" என்றேன்.

"அதான் சொல்றேன். ஒண்ணா போங்க."

சொல்லிவிட்டு மோரை எங்களுக்குக் கொடுக்காமலே எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த பஸ்ஸில் நான் அவரோடு ஏஜண்டிடம் போனேன். அதுவரைக்கும் என்னை அங்கே கூட்டிப் போனதில்லை. விமானப் படங்கள் ஒட்டிய சின்ன அறை. ஏஜண்ட் நல்ல மனுஷர். எல்லாம் கேட்டுவிட்டு, "ரெண்டு பேரும் ஒரே ப்ளேனா? நல்லா யோசிச்சிட்டீங்களா?" என்றார். என் வீட்டுக்காரர் சுவரிலிருந்த படத்தைப் பார்த்தார்.

நான்தான் பேசினேன். "யோசிச்சாச்சுங்க. எது பத்திரம்னு எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. இவரு பேச்சு எங்க செல்லுமோ அந்தக் கம்பெனியில போடுங்க. ரெண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்துல."

பிரெஞ்சுக்காரன் விமானம் அப்படித்தான் முடிவாயிற்று.

கிளம்புகிற அன்று நாத்தனார் என்னோடு பேசவில்லை. தம்பியிடம் மட்டும், "நான் சொல்றத சொல்லிட்டேன், இனிமே மாதா வுட்ட வழி," என்றாள். சின்னவள் மெட்ராஸ் வரைக்கும் வரவில்லை. "மாடு இருக்குது," என்றாள். வேன் திரும்பும்போது பார்த்தேன், கையை ஆட்டவில்லை. இரண்டு கையாலும் வாசல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பம்பாய், பாரிஸ் எல்லாம் எப்படிக் கடந்தேன் என்று தனியாக நினைவில்லை. அவருடைய சட்டை முதுகு மட்டும்தான் நினைவிருக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். பாரிஸிலிருந்து ஏறிய விமானம்தான் கடலைத் தாண்டுவது.

"அந்த எடம் எது?" என்று கேட்டேன். எந்த இடம் என்று அவர் கேட்கவில்லை.

"தாண்டியாச்சு."

அப்போது சாப்பாடுகூடக் கொடுக்கவில்லை, கீழே வயலும் வீடும் தெரிந்துகொண்டிருந்தன. கொஞ்ச நேரம் கழித்து ஜன்னலில் நீலம் மட்டும் இருந்தது. மறுபடி கேட்டேன்.

"அதான் தாண்டியாச்சுன்னேனே."

அவர் கை நாற்காலிக் கைப்பிடியில் இருந்தது. விரல் நகமெல்லாம் வெளுத்திருந்தது. விமானம் ஒருமுறை குலுங்கியது. எனக்கு எங்கள் இருவரையும் தோன்றவில்லை. கம்பத்தைப் பிடித்துக்கொண்டிருந்த அவள் கைகள்தான் தோன்றின. நான் சொல்லித்தான் ஒரே விமானம். நான்தான் ஏஜண்ட் முன்னால் வாயைத் திறந்தேன். குலுக்கல் நிற்கும்வரை ஜெபமாலையின் ஒரே மணியில் என் விரல் நின்றிருந்தது, நகரவில்லை.

மோன்றியலில் இறங்கியதும் அவரை ஒரு அதிகாரியிடமும் என்னை இன்னொருவரிடமும் அனுப்பினார்கள். இவ்வளவு தூரம் ஒன்றாக வந்து கடைசியில் அங்கே பிரித்துவிட்டார்கள். அவருக்குச் சட்டென்று முடிந்தது. எனக்கு எதிரே இருந்த பெண் அதிகாரி ஏதேதோ கேட்டாள். ஒரு சொல்கூடப் புரியவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் என் வயிற்றுக்கு முன்னால் ஒரு பெரிய வயிற்றைக் காட்டினேன். "எம் பொண்ணுக்கும்மா," என்றேன். அவள் தன் வயிற்றைத் தொட்டுக் காட்டி ஏதோ கேட்டாள். தலையாட்டினேன். முத்திரையைக் குத்தினாள்.

வெளியே பெரியவள் நின்றாள், காலெல்லாம் வீங்கி. முதலில் வந்த அப்பாவைத் தனியாகப் பார்த்துவிட்டு, "அம்மா எங்க? அம்மா எங்க?" என்று கத்திக்கொண்டிருந்தாள். நான் கதவைத் தாண்டியதும் வந்து கட்டிக்கொள்ள முடியாமல் பக்கவாட்டில் சாய்ந்துகொண்டாள். அவள் அழுது முடிப்பதற்குள் அவர், "மொதல்ல ஊருக்குப் போன் போடு," என்றார்.

லைன் கிடைக்க ராத்திரி ஆகிவிட்டது. அங்கே பொழுது விடிந்திருக்கும். பாய்தான் எடுத்தார். "இருங்க, பொண்ணு பக்கத்துலயேதான் இருக்குது, நேத்துலேருந்து ஒண்ணும் துன்னல," என்றார்.

"ரெண்டு பேருமா?" என்றாள் சின்னவள்.

"ரெண்டு பேரும்தான்டி."

"அப்பாவ பேசச் சொல்லு."

கொடுத்தேன். அவர், "நான்தாம்மா," என்றார். போனை என்னிடமே திருப்பித் தந்தார்.

"சரிம்மா, வச்சிடு. பாய் வூட்டுல இட்லி வச்சிருக்காங்க. நான் போயி துன்றேன்."