முள் நத்தை

பெங்களூர் ஜோகுபாளையத்தில் கடல்மீன் தொட்டிகள் விற்பவர் அவர். நரைத்த தாடி. பேசும்போதெல்லாம் ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருப்பார். எனக்கு அவர்மேல் முழு நம்பிக்கை. ஒருநாள், கட்டைவிரல் அளவில் முள் ஓட்டுக் கடல்நத்தை ஒன்றைச் சும்மாவே கொடுத்தார்.

"பாசியத்தான் தின்னும்மா. தொட்டி சுத்தமா இருக்கும்."

சில நாட்களில் நான் ஆசையாய் வளர்த்த சிப்பிகள் ஒவ்வொன்றாகச் செத்தன. எல்லா ஓட்டிலும் ஊசியால் துளைத்ததுபோல் ஒரு ஓட்டை. கடைசிச் சிப்பியின்மேல் அந்த நத்தை ஒட்டிக்கொண்டிருந்தது.

அதை எடுத்துப்போய் அவர் முன்னால் வைத்தேன். "இது சிப்பி தின்னும்னு உங்களுக்குத் தெரியுமாண்ணா?"

"தெரியும்மா. இங்க இருந்தா என் சிப்பியெல்லாம் போயிருக்கும். அதக் கொல்லவும் மனசு வரல."

நத்தைக்கு இரங்கிய அந்த மனசு, வாரம் தவறாமல் வந்துபோன எனக்கு ஏன் இரங்கவில்லை என்பது இன்றுவரை விளங்கவில்லை.