ஜெனிபருக்கு எதிரான கடிதத்தை எழுதியது நான்தான்

இன்று சாயங்காலம் பள்ளி கேட்டில் ஜெனிபரின் அம்மா என்னை நிறுத்தினார்.

ஒரு கையில் என் அறிவியல் நோட்டு. இன்னொரு கையில் போன். அதில் ஒரு கடிதத்தின் படம்.

"ரெண்டும் ஒரே கையெழுத்தா இருக்கே கண்ணு. நீயா எழுதுன?"

நோட்டை வாங்கிப் பைக்குள் திணித்தேன்.

"மிஸ் சொல்லச் சொல்லத்தான் எல்லாரும் எழுதுனீங்கன்னு ஜெனி சொல்றா. ஹெச்எம் நம்ப மாட்டேங்குறாரு. நாளைக்கு நீ வந்து ஒரு வார்த்தை சொல்றியா?"

ஓடிப்போய் ஆட்டோவில் உட்கார்ந்துகொண்டேன்!

சொல்ல வேண்டிய பதிலை இப்போது போர்வைக்குள் அம்மாவின் போனில் எழுதுகிறேன். (அப்பா விழித்தால் போனும் காலி, நானும் காலி.)

ஆமாம் ஆன்ட்டி. நான்தான் எழுதினேன்.

தெரியாதவர்களுக்கு: ஜெனிபர் என்னோடு ஒன்பதாவது படிக்கிறாள். பிறந்ததிலிருந்தே பெருமூளை வாதம். கைகால் இறுகியிருக்கும், வாக்கர் பிடித்து நடப்பாள், பேச்சு மெதுவாக வரும். சிரிப்பு மட்டும் வேகமாக, வகுப்பே திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக வரும். கணக்கில் என்னைவிட அதிக மார்க். (அதில் எனக்குக் கடுப்பு உண்டு.)

அவளால் வேகமாக எழுத முடியாது என்பதால் தினமும் என் நோட்டைக் கொடுத்தனுப்புவேன். ஆன்ட்டி கம்பெனியில் ஷிப்ட் முடித்து வந்து அதை அவளுக்குப் படித்துக் காட்டுவார். என் கையெழுத்து என் அம்மாவைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

எங்கள் பள்ளி எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் பள்ளியாம். ஓசூர் முழுக்கக் கட்டிய அட்மிஷன் பேனரில் ஜெனிபரின் முகம்தான் பெரிதாக இருந்தது.

அவளுக்காகக் கட்டிய சாய்தளத்தில் மிஸ்களின் ஸ்கூட்டிகள் நிற்கும்! யாராவது வந்து நகர்த்தும்வரை அவள் கீழேயே காத்திருப்பாள்.

சரி, கடிதத்துக்கு வருகிறேன்.

போன புதன்கிழமை, தமிழ் பீரியட். தமிழ் மிஸ்தான் எங்கள் வகுப்பாசிரியரும்.

"இன்னைக்கு லெட்டர் ரைட்டிங். புகார்க் கடிதம்."

வழக்கமாகத் தெருவிளக்கு எரியவில்லை, சாக்கடை அடைத்துவிட்டது என்று எழுதுவோம். அன்று மிஸ் போர்டில் எழுதிய தலைப்பு: 'வகுப்பில் படிப்புக்கு ஏற்படும் இடையூறு'.

"எழுதுங்க. 'எங்கள் வகுப்பில் பயிலும் ஒரு மாணவி அடிக்கடி சத்தமாகச் சிரிப்பதாலும், எழுத அதிக நேரம் எடுத்துக்கொள்வதாலும்...'"

என் பக்கத்தில் லாவண்யாவின் பேனா நின்றுவிட்டது. "ஏமே, இது நம்ம ஜெனியப் பத்தி இல்ல?" (வீட்டில் தெலுங்கு. கோபம் வந்தால் அவளுக்கு அது முந்திக்கொண்டு வரும்.)

"அங்க என்ன பேச்சு? சும்மா மாதிரிக் கடிதம்தான். எழுதுங்க!"

எழுதினோம்.

ஜெனிபரும் எழுதினாள்! முதல் பெஞ்சில், மிஸ்ஸின் கண்ணுக்கு நேராக உட்கார்ந்து, தன்னை வேறு பள்ளிக்கு அனுப்பச் சொல்லும் கடிதத்தை ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள்.

"மிஸ், கொஞ்சம் மெதுவா சொல்லுங்க. 'அதிக நேரம்' வரைக்கும்தான் வந்திருக்கேன்."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

என் ரஃப் நோட்டை வாங்கிய மிஸ், சிவப்பு மையில் இரண்டு வரியைத் திருத்தினார். ஓரத்தில் 'இன்னும் அழுத்தமாக எழுது' என்று எழுதினார்.

"உன் கையெழுத்து முத்து முத்தா இருக்கு. வெள்ளைப் பேப்பர்ல ஃபேர் காப்பி போடு. நோட்டீஸ் போர்டுல ஒட்டலாம்."

மார்ஜின் போட்டு, தலைப்புக்கு நீலக் கோடு போட்டு எழுதிக் கொடுத்தேன். வெரி குட் வேறு வாங்கினேன்! எனக்கு அது பெருமையாக இருந்தது.

"லெட்டர்னா கையெழுத்து இருக்கணும்ல?" என்று அதை பெஞ்ச் பெஞ்சாக அனுப்பினார். எல்லோரும் போட்டோம். ஜெனிபரை மட்டும் தாண்டிப் போனது.

"எனக்கு, மிஸ்?"

"உனக்கு வேணாம்டா செல்லம்."

செல்லமாம்!

நோட்டீஸ் போர்டில் எதுவும் ஒட்டவில்லை. இன்று காலை அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரோடு ஹெச்எம் அறை வாசலில் நின்றபோதுதான் அந்தப் பேப்பரை மறுபடி பார்த்தேன். உள்ளே ஆன்ட்டி.

"நாங்களா சொல்றோம்? கூடப் படிக்கிற பிள்ளைங்களே எழுதிக் குடுத்திருக்காங்க, பாருங்க. அடுத்த வருஷம் டென்த். அவளுக்குன்னு இருக்கிற ஸ்கூல்ல விட்டீங்கன்னா அவளும் நிம்மதியா இருப்பா."

"நிம்மதி அவளுக்கா சார், உங்களுக்கா?"

"நாளைக்குப் பத்து மணிக்கு வந்து டிசி வாங்கிக்குங்கம்மா."

மத்தியானம் மிஸ்ஸிடம் போனேன்.

"மிஸ், அது மாதிரிக் கடிதம்னுதானே சொன்னீங்க?"

"நான் என்ன உன் கையப் புடிச்சா எழுத வெச்சேன்? உங்கப்பாவ வரச் சொல்லட்டுமா?"

அப்பா பேச்சை எடுத்ததும் வகுப்புக்கு ஓடிவந்துவிட்டேன். அந்தப் பயத்தில்தான் சாயங்காலம் ஆன்ட்டியிடமும் பேசவில்லை.

ஆனால் வீட்டுக்கு வந்ததிலிருந்து உடம்பெல்லாம் எரிகிறது. துரத்துவதென்றால் உங்கள் பேனாவில், உங்கள் பெயரைப் போட்டுத் துரத்துங்கள் மிஸ்! பதினாலு வயதுப் பிள்ளைகளுக்குப் பின்னால் ஏன் ஒளிந்துகொள்கிறீர்கள்?

இதை ஃபேக் ஐடியில் போடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படிப் போட்டால் நானும் உங்களைப் போலத்தான். அதனால் என் பெயரிலேயே போடுகிறேன். சிவப்பு மை இருக்கும் ரஃப் நோட்டுப் பக்கம் படத்தில் இருக்கிறது.

ஆன்ட்டி, நாளை பத்து மணிக்கு வருகிறேன். ஹெச்எம் முன்னால் சொல்கிறேன். எனக்கும் சேர்த்து டிசி கொடுத்தாலும் கொடுப்பார்கள். ரொம்பப் பயமாக இருக்கிறது.

கையெழுத்துப் போட்ட மற்றவர்களே, காலையில் பஸ்ஸில் இதைப் படிப்பீர்கள்.

யாரெல்லாம் என்கூட உள்ளே வருகிறீர்கள்?