கிரீஸ் டப்பாவும் ஒரு கையும்

கிரெச் என்றால் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் என்று எனக்குத் தெரியவந்தபோது, மொத்த ஓட்டலும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்த ஓட்டல் அது. வேலையாட்களை ஏற்றி இறக்கும் வேன் என் பொறுப்பு. அன்று வேனுக்கு அடியிலிருந்து நேராக மீட்டிங்குக்குப் போனதால் கையில் கிரீஸ் டப்பா இருந்தது. முதலாளி உட்கார்ந்திருக்க, மேனேஜர் அம்மா பேசினார். "கிரெச்சுக்கு ஆகுற செலவுல பாதி ஓட்டலே கட்டும். வேணும்ன்றவங்க கையத் தூக்குங்க." ஒரு கைகூட எழவில்லை. என் காதில் அது கிரீஸ் என்று விழ, எனக்குத்தான் கடமை உணர்ச்சி பொங்கியது. எழுந்து டப்பாவைத் தூக்கிக் காட்டினேன்.

"நம்ம வண்டிக்கு வேணாம் மேடம். இதுலயே இன்னும் பாதி கீது."

சிரிப்பு அடங்கியதும் மேனேஜர் அம்மா பொறுமையாகச் சொன்னார்: "அண்ணே, இது வண்டிக்கு இல்ல. வேலைக்கு வர்றவங்க புள்ளைங்கள வுட்டுட்டு வர்ற எடம்."

அந்தக் கூட்டத்தில் என் மனைவியும் இருந்தாள். அதே ஓட்டலில்தான் துணி வெளுக்கும் பிரிவில் வேலை. வீட்டில் என் லுங்கியைக்கூட நான்கு மூலையும் சேர மடித்துவைப்பவள்; அந்த வேலை அவளுக்கு அவ்வளவு பிடிக்கும். எங்கள் பெண் அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தாள். என் அம்மா விடியும் முன்பே மீன் கூடையோடு கிளம்பிவிடுவார். குழந்தைக் காப்பகத்துக்குக் கட்டினால் சம்பளத்தில் மிஞ்சுவது கொஞ்சம்தான். மாதக் கடைசியோடு நின்றுவிடுகிறேன் என்று வீட்டில் சொல்லியிருந்தாள். நான் சரி என்று சொல்லிவிட்டு டயருக்குக் காற்றடிக்கப் போய்விட்டேன்.

மற்ற பெண்கள் ஏன் பேசாமல் இருந்தார்கள் என்பது பிறகு புரிந்தது. கை தூக்கினால் பிள்ளைக்காரி, அடிக்கடி லீவு கேட்பாள் என்று முதலாளி மனதில் குறித்துக்கொள்வாரோ என்ற பயம். "பாத்தீங்களா, யாருக்கும் தேவையில்ல" என்று முதலாளி எழுந்துவிட்டார்.

அப்போதுதான் பின்வரிசையில் ஒரு கை எழுந்தது. என் மனைவியுடையது.

"எனுக்கு வேணும் சார். புள்ளைக்கு ஒரு எடம் இருந்தா நான் வேலைய வுடமாட்டேன்."

தூக்கிய கையை அவள் இறக்கவில்லை. பக்கத்தில் இன்னொரு கை எழுந்தது, பிறகு இன்னும் சில. மேனேஜர் அம்மா என் பக்கம் திரும்பி, "புள்ள உங்களுக்கும்தானண்ணே?" என்றார். டப்பாவோடு என் கையும் மேலே போனது.

இன்று அந்தத் துணிப் பிரிவுக்கே அவள்தான் தலைமை. பெண் பள்ளிக்கூடம் போகிறாள். காலையில் வேனைக் காப்பகத்து வாசலில் நிறுத்தி மற்றவர்களின் பிள்ளைகளை இறக்கிவிடுகிறேன். முதலாளி அன்று ஒப்புக்கொண்ட அந்தப் பாதிப் பணத்துக்கு ஓட்டலில் கிரீஸ் காசு என்றுதான் இன்றும் பெயர்.

போன வாரம் புதிதாகச் சேர்ந்த டிரைவரிடம் கிரீஸ் டப்பாவைக் காட்டி, அன்று நான் எழுந்து பேசியதால்தான் இதெல்லாம் வந்தது என்று அளந்துகொண்டிருந்தேன். வேனில் உட்கார்ந்திருந்த என் மனைவி ஜன்னல் வழியாகச் சொன்னாள்:

"நீ ஒளறுன. கையத் தூக்குனது நானு."