கோவளம் போய் வந்த சனிக்கிழமை

பதினேழு வயதில் முதல் தடவையாக ஒரு பையனோடு தனியாக வெளியே போனேன். எண்பதுகளின் கடைசி அது. அப்படிப் போவதை என்னவென்று சொல்வது என்று எங்கள் இருவருக்குமே தெரியாது. "எங்கயாவது உட்கார்ந்து பேசிட்டு வரலாமா?" என்றுதான் அவன் கேட்டான்.

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மாடியில் நடந்த டைப்ரைட்டிங் வகுப்பில் அவனுக்குப் பக்கத்து மெஷின் எனக்கு. நான் பி.காம். முதல் வருடம். அவன் பாலிடெக்னிக், என்னைவிட ஒரு வயது மூத்தவன். என் மெஷினில் ரிப்பன் சிக்கிக்கொண்டால் "கொஞ்சம் நகருங்க" என்பான். நான் எழுந்து விலகிய பிறகுதான் கை வைப்பான். பஸ் ஸ்டாண்ட் வரை பின்னாலேயே பாடிக்கொண்டு வருகிற பையன்களால் அலுத்துப்போயிருந்த எனக்கு அந்த ஒரு பழக்கமே போதுமானதாக இருந்தது. மாதக்கணக்கில் பேசிய பிறகும் நாங்கள் ஒருவரையொருவர் 'நீங்க' என்றுதான் சொல்லிக்கொண்டோம்.

அவன் கேட்டதும் நான் உடனே பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு, சில விஷயங்களுக்குச் சரியென்றால் வருகிறேன் என்றேன். பகலில்தான் போக வேண்டும். நாலு பேர் நடமாடுகிற இடமாக இருக்க வேண்டும். ஐந்து மணிக்கு நான் வீட்டில் இருக்க வேண்டும். யாரோடு எங்கே போகிறேன் என்று எதிர் வீட்டுத் தோழியிடம் சொல்லிவிட்டுத்தான் வருவேன். கடைசியைக் கேட்டு முகம் சுளிப்பான் என்று எதிர்பார்த்தேன். "கண்டிப்பா சொல்லிட்டு வாங்க" என்றான் அவன். "நடுவுல எங்க உங்களுக்கு வேணாம்னு தோணுதோ, அங்கயே திரும்பிடலாம். காரணம்லாம் சொல்ல வேணாம்."

எங்கே போவது என்பதுதான் பெரிய பிரச்சினையாக இருந்தது. தாம்பரத்தில் எந்த ஓட்டலில் உட்கார்ந்தாலும் அப்பாவின் ஆபீஸ்காரர் யாராவது டிபன் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். வண்டலூர் பக்கம் போனால் சித்தி வீட்டுப் பிள்ளைகள். பல்லாவரம், குரோம்பேட்டை எல்லாம் அவன் சொந்தக்காரர்கள். கடைசியில் கோவளம் என்று முடிவு செய்தோம். நான்தான் சொன்னேன், கல்லூரியில் ஒருமுறை கூட்டிப்போயிருந்தார்கள். எங்களைத் தெரிந்தவர் ஒருத்தரும் இல்லாத இடம் என்பதே அதன் பெருமையாக அன்று பட்டது.

சனிக்கிழமை. அப்பா ஆபீஸ் வேலையாகத் திருச்சி போயிருந்தார். கல்லூரியில் ஸ்பெஷல் கிளாஸ் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். தோழியிடம் மட்டும் உண்மை. "அஞ்சு மணிக்கு வரலைன்னா நேரா உங்கம்மாகிட்ட போய் நிப்பேன், பார்த்துக்கோ" என்றாள் அவள்.

பஸ்ஸில் நான் பெண்கள் பக்கம் உட்கார்ந்தேன், அவன் பின்னால். கேளம்பாக்கத்தில் இறங்கி வேறு பஸ் பிடித்தோம். கடற்கரையில் படகுகளை மேலே இழுத்துப் போட்டிருந்தார்கள். ஒரு படகின் நிழலில், நடுவில் என் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அவன் கணக்குப் பாடத்தில் இரண்டு முறை தவறியதைச் சொன்னான். நான் பேங்க் பரீட்சை எழுதப்போவதைச் சொன்னேன். பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் ஒருவர் நான் சொல்வதை முழுதாகக் கேட்டுவிட்டு மேலே கேள்வி கேட்பது எனக்குப் புதிதாக இருந்தது. வெயில் ஏறியதும் படகு நிழல் சுருங்கிவிட்டது. பக்கத்திலிருந்த சவுக்குத் தோப்பின் ஓரத்துக்கு நகர்ந்தோம். அங்கிருந்து பார்த்தால் படகுகள் தெரிந்தன. உள்ளே போகவில்லை.

அப்போதுதான் அந்த ஆள் வந்தான். காக்கி பேண்ட், வெள்ளைச் சட்டை, கையில் பிரம்பு.

"இன்னா பண்ணிக்கினு கீறீங்க இங்க?"

நாங்கள் எழுந்து நின்றோம். எந்த ஊர், எந்த காலேஜ், அப்பா பெயர் என்ன என்று அடுக்கிக்கொண்டே போனான். வீட்டுக்குத் தகவல் போய்விடும் என்ற பயத்தைத் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை. போலீஸ்தானா என்று கேட்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

"நீ அந்தாண்ட போய் நில்லு" என்றான் அந்த ஆள், இவனைப் பார்த்து. "பொண்ணைத் தனியா விசாரிக்கணும்."

"இல்ல சார். அவங்க தனியா வர மாட்டாங்க. என்ன கேக்கறதா இருந்தாலும் இங்கயே கேளுங்க."

கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. அவன் தடுமாறி நிமிர்ந்தான்.

"ஸ்டேஷனுக்கே போலாம் சார். ரெண்டு பேரும் வர்றோம். ரோடு வழியா நடந்து போலாம்."

"ஜீப் கீது. உள்ள நிக்குது. பொண்ணு மட்டும் என்னோட வரட்டும், நீ பின்னால வா." அந்த ஆள் பிரம்பால் காட்டிய திசையில் மரங்களைத் தவிர ஒன்றும் இல்லை. ஜீப் போகிற தடம்கூட இல்லை.

"அப்ப ஜீப்பை ரோட்டுக்கு வரச் சொல்லுங்க சார்."

இரண்டாவது அறையில் அவன் உதடு கிழிந்தது. அந்த ஆள் என் மணிக்கட்டைப் பிடிக்கக் கை நீட்டினான். இவன் குறுக்கே வந்து நின்றுகொண்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமலே, "நீ என் பக்கத்துலயே வா. படகு பக்கமா நட" என்றான். நாங்கள் பக்கவாட்டில் நகர்ந்தோம். ஓடவில்லை, ஓடத் தெம்பும் இல்லை. அந்த ஆள் திட்டிக்கொண்டே, பிரம்பால் இவன் தோளில் அடித்துக்கொண்டே கூட வந்தான்.

படகுகளுக்கு அப்பால் மணலில் இரண்டு பெண்கள் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி நிமிர்ந்து, "இன்னாய்யா கலாட்டா அங்க?" என்று கத்தினாள்.

"உன் வேலையைப் பாரு" என்றான் அந்த ஆள்.

"அதான் பார்த்துக்கினு கீறேன். நீ யாருய்யா? உன்னைப் பார்த்ததே இல்லியே."

அந்த ஆள் அவளைப் பார்த்தபடியே சற்று நின்றான். பிறகு ஏதோ மறந்ததை எடுக்கப் போகிறவன் மாதிரித் திரும்பி, தோப்புக்குள் வேகமாக நடந்து மறைந்தான். அவன் போலீஸ் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அங்கேயே வாந்தி எடுத்தேன்.

அந்தப் பெண் தண்ணீர் கொடுத்தாள். "ஏம்மா, வூட்ல சொல்லிட்டு வந்தியா?" என்று கேட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டதும் மேலே எதுவும் கேட்காமல், பஸ் வரும்வரை ரோட்டில் எங்களோடு நின்றாள்.

கேளம்பாக்கத்தில் தாம்பரம் பஸ் வர வெகுநேரமாயிற்று. அவன் கைக்குட்டையை உதட்டில் அழுத்திக்கொண்டு நின்றான். பஸ்ஸில் எனக்குப் பக்கத்து இடம் காலியாக இருந்தது. "இங்க உட்காரலாமா?" என்று கேட்டான். என்னையறியாமல் தலை வேண்டாம் என்று ஆடியது. எந்த ஆண்பிள்ளையும் பக்கத்தில் வருவதை அப்போது என் உடம்பு தாங்கவில்லை. அவன் காரணம் கேட்கவில்லை. படிக்கட்டுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தாம்பரம் வரை நின்றே வந்தான்.

வீட்டுக்கு வரும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. கேட்டில் அம்மாவும் தோழியும் நின்றுகொண்டிருந்தார்கள். தோழி சொன்னபடியே செய்துவிட்டாள். அவள் அழுதிருந்தாள். என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டாளே என்று ஒரு நொடி கோபம் வந்தது. அந்தத் தோப்புக்குள் நான் போயிருந்தால் என்னைத் தேட எங்கே வர வேண்டும் என்று உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரிந்திருக்கும் என்பது அடுத்த நொடி புரிந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன்.

அம்மா கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் கேட்டாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. முடிவில் ஒரே கேள்விதான் கேட்டாள்.

"அந்தப் பையன் உன்னை விட்டுட்டு ஓடலையா?"

"இல்லம்மா."

"போன்னு அந்த ஆள் சொன்னப்போ கூடவா?"

"போகலம்மா."

அம்மா திங்கட்கிழமை என்னோடு டைப்ரைட்டிங் வகுப்புக்கு வந்தாள். அவன் முகம் வீங்கி, கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. வீட்டில் சைக்கிளிலிருந்து விழுந்ததாகச் சொல்லியிருந்தான். அம்மாவைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"டாக்டர்கிட்ட காட்டினியாப்பா?"

"காட்டினேன் ஆன்ட்டி." பிறகு, "தப்பு என்னோடதுதான். அவ்வளவு தூரம் கூட்டிட்டுப் போயிருக்கக் கூடாது" என்றான்.

"கோவளம்னு நான்தாம்மா சொன்னேன்" என்றேன்.

திரும்பி வரும் வழியில் அம்மா, "நல்ல பையன்" என்றாள். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "அதான் பயமா இருக்கு. மோசமானவனா இருந்தா, பார்க்காதேன்னு ஒரு வார்த்தையில முடிச்சிருப்பேன்" என்றாள். "உங்கப்பாவுக்குத் தெரிஞ்சா காலேஜே நின்னுடும். பேசணும்னா நான் இருக்கறப்ப நம்ம வீட்ல வந்து பேசட்டும். வெளியில வேணாம்."

அந்தக் காலத்தில் எங்கள் காலனியில் ஒரு தாய் அப்படிச் சொன்னது சாதாரண விஷயமில்லை. அப்பா ஆபீஸில் இருந்த ஒரு நாள் மத்தியானம் அவன் வந்தான். கூடத்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். அம்மா காபி கொடுத்துவிட்டு அடுக்களைக்குப் போனாள். அங்கே பாத்திரச் சத்தம் வேண்டுமென்றே கேட்டபடி இருந்தது. உதட்டில் தழும்பு இருக்கிறதே என்றேன். வலி இல்லை என்றான். அன்றைக்கு என்னை 'நீ' என்று சொல்லிவிட்டதற்கு மன்னிப்புக் கேட்டான். நான் சிரிக்கப் பார்த்தேன். பேசத் தொடங்கிய எந்தப் பேச்சும் சுற்றிச்சுற்றி அந்தத் தோப்பிலேயே போய் நின்றது. தெருவில் யார் வீட்டுக் கேட் சத்தம் கேட்டாலும் அவன் சட்டென்று எழுந்து நின்றான். ஒவ்வொரு தடவையும் அவன் எழும்போது நானும் வாசலைப் பார்த்தேன். இருவருக்கும் ஒரே பயம். ஒருவரைப் பார்த்தால் இன்னொருவருக்கு அது கூடியது.

அரை மணி நேரத்தில் கிளம்பினான். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "டைப்ரைட்டிங் கிளாஸ்ல காலை பேட்ச்சுக்கு மாத்திக்கலாம்னு இருக்கேன். உங்களுக்கு அதுல கஷ்டம் இல்லையே?" என்று கேட்டான்.

இல்லை என்றேன். அதில் உண்மையும் இருந்தது, பொய்யும் இருந்தது. அம்மா அடுக்களையிலிருந்து வந்து, காலி டம்ளரை எடுத்துக்கொண்டு, அவன் தெருமுனை திரும்பும் வரை ஜன்னலருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.